அறுநூறு பேர் வந்தால் கதவு திறக்கும்

டிக்.

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் இல்லாத நீரூற்றின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒருவன். மடியில் எழுதுகிற அட்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஏதோ ஒரு கருவி. காலையிலிருந்து இது நான்காவது 'டிக்'. கடையைத் திறக்க வந்தபோது ஒன்று. தண்ணீர் பிடிக்கப் போனபோது ஒன்று. திரும்பியபோது ஒன்று. இப்போது இது...

"என்ன சார், நான் போகும்போதெல்லாம் கொசு அடிக்கிறீங்களா?"

அவன் நிமிர்ந்தான். பெரிய, அமைதியான கண்கள். ஆனால் ஏனோ இடுங்கியிருந்தன... மேகம் மூடிய காலையில், உச்சி வெயிலைப் பார்ப்பது போல.

"எண்ணுறேன் மேடம்."

"எதை?"

"உங்களை."

"நாலு தடவையா?"

"நாலு தடவை போனீங்களே."

"சார், நான் ஒரே ஒரு ஆள்தான்!"

"விதிப்படி நாலு நடை, நாலு பேர்." சற்று யோசித்துவிட்டு, "கோவப்படாதீங்க. உங்களாலதான் எண்ணிக்கை கொஞ்சமாவது ஏறுது," என்றான்.

கேலி செய்கிறானா, ஆறுதல் சொல்கிறானா? அவளுக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் எரிச்சல்தான் வந்தது.

அவளுக்கு எரிச்சல் வருவதற்கு அந்த வளாகத்தில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மேலே இரண்டு கோபுரங்களில் குடியிருப்புகள், கீழே நாற்பது கடைகள், பக்கத்திலேயே ரயில் நிலையம். ரயிலை விட்டு இறங்கினால் மூன்றே நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ரயிலை விட்டு இறங்கினால் கடைகள் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு கம்பி வேலி. வேலியில் ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு. நிலையத்தின் அந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியேறி, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, சுற்றி வர இருபது நிமிடம். மழை பெய்தால் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். மேலே குடியிருப்பவர்களோ, கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டில் ஏறி அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நாற்பதில் திறந்திருந்தவை ஏழு. அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை, எதிரே ஒரு சலூன், ஒரு மருந்துக் கடை, இன்னும் மூன்று. ஏழாவது, வீடு விற்கும் அலுவலகம். அங்கே ஒரு மேசைமேல் குட்டி மனிதர்களோடு வளாகத்தின் சிறிய மாதிரி வடிவம் இருந்தது. "அந்தப் பொம்மையில நூத்திப் பத்து பேர் நடக்கிறாங்க தங்கச்சி. நான் எண்ணிப் பார்த்தேன்," என்பார் சலூன் அண்ணன். "நிஜத்துல நீயும் நானும்தான்."

பெரிய கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் அடுத்தவருக்காக உழைத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்தவள் அவள். அம்மா மத்தியானமானால் போனில் கூப்பிடுவாள். "இன்னைக்கு யாராவது வந்தாங்களா? பேசாம மூடிட்டு வந்துடேன்டி." மாதக் கடைசியில் கடை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, மூடுவதா... தெரியவில்லை.

"எதுக்கு சார் இந்த எண்ணிக்கை?" என்று அவனிடமே கேட்டாள்.

"பத்து நாள் எண்ணணும். ஒரு நாளைக்குச் சராசரி அறுநூறு பேர் இந்தப் பக்கம் நடமாடினா, ரயில் நிலையக் கதவைத் திறந்து விடுவாங்க."

அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கதவு பூட்டியிருக்கிறதாலதான் ஆள் வரலை. ஆள் வரலைன்னு கதவைத் திறக்க மாட்டீங்க. இதை யோசிச்ச புண்ணியவான் யாரு?"

"நான் இல்லைங்க. நான் எண்ண மட்டும்தான் வந்தேன்."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் ஒரு கணம் இடுங்காமல் விரிந்தன... சே, இதையெல்லாம் நான் ஏன் கவனிக்கிறேன் என்று நினைத்தபடி அவள் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் ஒரு டிக்.

மூன்றாம் நாள்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எட்டே முக்கால் வண்டிக் கூட்டத்தில் கொஞ்சம் பேர், சுற்றுப் பாதையில் வந்து வளாகத்தின் கடைசித் தூண்களுக்கு அப்பால் நடந்து போனார்கள். பாதி விளக்கு எரியாத பகுதி அது. ஏழெட்டுப் பேர் போனார்கள். இரண்டே டிக்.

அவள் சலூன் அண்ணனிடம் சொல்லி, அவரை அந்தத் தூண்களுக்கு நடுவில் நடக்கச் சொன்னாள். அவர் நடந்தார். சீப்பை ஆட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தார். ஒரு டிக்கும் இல்லை.

நேராக நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "அந்தக் கடைசித் தூண்ல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

அவன் எட்டிப் பார்த்தான். கண்ணை இடுக்கினான். "தூண்ல எல்லாம் எழுதக் கூடாதுங்க. தப்பு."

"பேச்சை மாத்தாதீங்க! 'வாடகைக்கு'ன்னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. அண்ணன் ரெண்டு தடவை நடந்தார். உங்களுக்குத் தெரியவே இல்லை."

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. எட்டு வருஷமா இதே வேலை பார்க்கிறேன்." முகம் சிவந்துவிட்டது. அன்று முழுக்க அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு வீம்பு! இதில் அவளுக்கு வேறு, அவன் திரும்பவில்லையே என்று இருந்தது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டியது. வரைபடத்தில் இருந்த கண்ணாடிக் கூரை, கட்டிடத்தில் இல்லை. அவன் அட்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே வாங்க சார்!" என்று வாசலில் நின்று கத்தினாள். "எண்ண ஒரு ஈ காக்கா இல்லை!"

வந்தான். சொட்டச் சொட்ட நின்றான். துண்டை நீட்டினாள். துடைத்துக்கொண்டவன், சுவரில் இருந்த, கண் சோதிக்கும் எழுத்து அட்டையைப் பார்த்தான். பார்க்காதது போலத் திரும்பினான்.

"வந்ததே வந்தீங்க... ரெண்டு நிமிஷம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என்ன நினைத்தானோ, போய் உட்கார்ந்தான். அவள் விளக்கை அணைத்தாள். எழுத்துகள் மட்டும் ஒளிர்ந்தன. முதல் வரி படித்தான். இரண்டாவதில் தடுமாறினான். மூன்றாவதைப் படிக்கவே முடியவில்லை. கனமான சோதனை ஃபிரேமை அவன் மூக்கில் வைத்து ஒவ்வொரு லென்ஸாகப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இது?"

"இது... இது நல்லா இருக்கு."

அளவெடுக்க அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை கண்களைப் பார்த்த அனுபவம் அவளுக்கு! கண் என்றால் அவளுக்கு வேலை, அவ்வளவுதான். ஆனால் இன்று, நனைந்த இமைகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கண்கள் அவளை... இடுங்காமல், நேராக, ஒரு வியப்போடு பார்த்தபோது, அளவுகோலில் இருந்த எண்ணைப் படிக்கவே மறந்துபோனாள்.

"உங்க புருவத்துக்கு மேல ஒரு சின்னத் தழும்பு இருக்கு," என்றான் மெதுவாக.

"சின்ன வயசுல விழுந்தது," என்றாள்.

அவன் திரும்பி வெளியே பார்த்தான். கம்பி வேலியில் தொங்கிய துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன போலும். வேலிக்கு அப்பால் நடைமேடையில் குடையோடு நின்றவர்களை வாய்க்குள்ளேயே எண்ணினான். எண்ண எண்ண அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்தது.

"போன வருஷம் ஒரு பஸ் நிறுத்தம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல. ஏறுறவங்க கம்மின்னு நான்தான் எண்ணிக் கொடுத்தேன். எடுத்துட்டாங்க." ஃபிரேமைக் கழற்றி மேசையில் வைத்தான். "எத்தனை பேரை நான் பார்க்காம விட்டேனோ..."

"சார், அது—"

எழுந்தான். மழைக்குள் நடந்தான். நாற்காலியைக்கூட எடுக்கவில்லை.

"அட, நில்லுங்க! குடையாவது..." போயே போய்விட்டான். "போங்க! எனக்கென்ன!" என்று வெறும் மழையைப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். "ஆறு நாளோட எண்ணிக்கையை முடிச்சுட்டாங்களாம். சராசரி நானூறுதானாம். கதவு திறக்காதாம்," என்று சலூன் அண்ணன் எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னார்.

நானூறா? கண் தெரியவில்லை என்று தெரிந்த பிறகுமா அந்தக் கணக்கைக் கொடுத்தான்? அவளுக்குக் கோபம் தலைக்குமேல் ஏறியது. அவனுக்காக மழை பெய்த அன்றைக்கே செய்து வைத்திருந்த கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்குச் செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. கடையைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி, நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த, அவன் வேலை பார்க்கும் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றாள்.

"அவரைப் பார்க்கணும். எண்ணுறவரை."

மேசையில் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நீங்களும் புகாரா? ஏம்மா, எனக்கே அவரால தலைவலி. 'எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை, இந்தக் கணக்கு செல்லாது, போன வருஷக் கணக்கெல்லாம் மறுபடியும் எடுக்கணும்'னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரு. யாராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா? இப்ப லீவு போட்டுட்டு, ஆஸ்பத்திரி ஓரமா நின்னு ஆளை எண்ணிட்டிருக்காரு."

வந்த வேகம் எல்லாம் அப்படியே அடங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். முன்பு பஸ் நிறுத்தம் இருந்த, இப்போது நிறுத்தமே இல்லாத இடத்தில், ஒரு பெரியவர் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிற்காமல் போயிற்று. சற்றுத் தள்ளி அவன். மூக்கில் ஒரு கண்ணாடி!

"இது எங்கே வாங்கினது?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "நடைபாதையில. போட்டதுல இருந்து தலை வலிக்குது..."

"வலிக்காம என்ன செய்யும்? இது கிட்டத்துல படிக்கிறவங்க போடுற கண்ணாடி! தூரத்துல இருக்கிறதும் சேர்ந்து மங்கிடும். கடவுளே... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" அதை வெடுக்கென்று உருவினாள். தான் கொண்டுவந்ததை அவன் காதுகளில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான், நடுத்தெருவில் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. கை சட்டென்று கீழே வந்துவிட்டது.

"தெரியுதா?"

"தெரியுது," என்றான். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை என்று இரண்டு நாள் இழுத்தார்கள். பிறகு மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. ஒப்பந்தத்துக்கு அவள் ஒரு மாதம் தவணை கேட்டு வாங்கினாள். கூட ஒரு சாட்சி ஊழியரோடு, புதுக் கண்ணாடியோடு, அவன் திரும்ப வந்து உட்கார்ந்தான். இப்போது கடைசித் தூணுக்கு அப்பால் போன பூனைகூட அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. பார்த்துவிட்டு, பூனை என்று தெரிந்ததும் எண்ணாமல் விட்டான். அவள் மட்டும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாள். "எண்ணிக்கையை ஏத்துறதுக்காகச் சும்மா நடக்காதீங்க மேடம். எண்ண மாட்டேன்," என்றான் கறாராக. கோபம் வந்தது... ஆனால் அந்தக் கறார்தான் பிடித்தும் இருந்தது.

தினமும் வேலை முடிந்ததும் கடைக்கு வருவான். "இடது பக்கம் கொஞ்சம் இறுக்குது." சரி செய்வாள். மறுநாள், "வலது பக்கம் கொஞ்சம் தளர்வா இருக்கு." அதையும் சரி செய்வாள். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. இரண்டு பேரும் திருகாணியைப் பற்றியே பேசினார்கள்.

பத்து நாள் முடிந்து, முடிவும் வந்தது. சராசரி ஐந்நூற்று எண்பத்தெட்டு. பன்னிரண்டு குறைவு. கதவு திறக்காது.

சலூன் அண்ணன் கத்தரியை மேசையில் வீசினார். வீடு விற்கும் அலுவலகத்துக்காரர்கள் பேசாமல் விளம்பரப் பலகையைத் துடைத்தார்கள். அவளோ சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. பன்னிரண்டு பேர்!

அன்று சாயங்காலம் அவன் வந்தான். கையில் ஒரு காகித உறை.

"ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் திரும்ப வைக்கிறாங்க. அடுத்த திங்கக்கிழமை," என்றான். "அப்புறம்... இங்கே ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனு கொடுக்கலாம். படிவம் கொண்டுவந்திருக்கேன். மூணு பிரதி வேணும். ரெண்டாம் பக்கத்துல கடைக்காரங்க எல்லாரும்..."

"நானும் ஆறு மாசத்துக்கு ஒப்பந்தம் போட்டுட்டேன். காலையில." அவள் உறையை வாங்கி வைத்தாள். "சரி. வேற?"

"வேற... ஒண்ணுமில்லை. இந்த மூக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம்..."

அவ்வளவுதான். அவளுடைய பொறுமை அறுந்துவிட்டது.

"சார்! அந்தக் கண்ணாடியில ஒரு கோளாறும் இல்லை! முதல் நாள்ல இருந்தே இல்லை! உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் நானே கழற்றி, நானே மாட்டி... என்னால முடியலை! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டேன். இனிமே திருகாணி, படிவம்னு ஏதாவது பேசினீங்க, கடையை விட்டுத் துரத்திடுவேன்!"

அவன் அசையாமல் நின்றான். காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

"அன்னைக்கு மழையில..." என்று ஆரம்பித்தான். "முதன்முதலா தெளிவாத் தெரிஞ்சது உங்க முகம்தான். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த நிமிஷமே அந்த பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்துடுச்சு. எந்த மூஞ்சியோட உங்க முன்னாடி நிக்கிறதுன்னு..."

"அதுக்கு மழையில ஓடிப் போறதா?"

"ஓடலைங்க. நடந்துதான் போனேன்."

"இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய!"

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான். சரியாக அந்த நேரம் பார்த்து, வேலிக்கு அப்பால் ஒரு விரைவு வண்டி தடதடவென்று நுழைந்தது. அலமாரிக் கண்ணாடிகள் அத்தனையும் அதிர்ந்தன. அவன் உதடுகள் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்ன? கேக்கலை!"

திரும்பச் சொன்னான். வண்டிக்குப் பெட்டிகள் முடிவதாக இல்லை.

"சத்தமா சொல்லுங்க!"

அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினான். அதற்குள் வண்டி போய்விட்டிருந்தது.

"எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

பூட்டிக் கிடந்த முப்பத்து மூன்று கடைகளிலும் அது மோதி மோதி எதிரொலித்தது. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்தார். எதிரே சலூன் அண்ணன், பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரோடு சேர்ந்து வாசலில் எட்டிப் பார்த்தார்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள்.

"இப்போ கேட்டுச்சு," என்றாள்.