வடக்கு வாசல் காவல்

டான்யூப் ஆற்றங்கரையில் நவம்பர் பனி இறங்கிவிட்டால் நீட்டிய கை நமக்கே தெரியாது. அந்தப் பனிக்குள் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி ரலிட்சா அகழாய்வுத் திடலுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. பக்கத்து இருக்கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா, சூடாக ஒரு பொட்டலம். ராக்காவல் முடித்த புருஷன் கமென் பசியோடு இருப்பான்.

ரோமானியப் படைக்கோட்டையின் வடக்கு வாசலை அந்த வருஷம்தான் தோண்டியிருந்தார்கள். புதையல் திருடர்களுக்குப் பயந்து இரவில் ஓர் ஆள் காவல். கமெனுக்குக் கூடாரம் இருந்தது. அவனோ காற்றுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று வாசலின் பழைய காவலறைக் குழிக்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டான். போன வாரம் அதே தரைக்கடியில்தான் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. விலா, முழங்கை, மண்டை எல்லாம் நொறுங்கியிருந்தன.

"காவல்ல தூங்கிட்டான் போல. கூட இருந்தவங்களே தடியால அடிச்சுக் கொன்னுருக்காங்க. அந்தக் காலத்துச் சட்டம் அது," என்றார் பேராசிரியர் தெச்செவ்.

"நல்லவேளை, எனக்குச் சம்பளத்துலதான் கை வைப்பீங்க," என்று கமென் எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

இப்போது அவன் குழிக்குள் குந்தியிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"யாருடா அடிச்சது? திருட்டுப் பசங்களா?"

"கண்ணசந்துட்டேன் ரலி. ஒரு நிமிஷம்தான்."

ஈரமண்ணில் அவனைச் சுற்றிக் காலடித் தடங்கள். ஒவ்வொன்றிலும், பழைய ரோமானியப் படைவீரனின் செருப்படி போல, புள்ளி புள்ளியாக ஆணித்தலை பதிந்திருந்தது. அவை எங்கிருந்தும் வரவில்லை. எங்கேயும் போகவுமில்லை.

ரலிட்சா குழிக்குள் இறங்கினாள். அவனைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். காருக்குள் கதகதப்பு. கமெனின் தலை கண்ணாடியில் சாய்ந்தது.

தொம்.

அவன் தோள் ஒரு பக்கமாக இறங்கியது.

தொம். தொம்.

பக்கத்தில் யாருமில்லை. ஈரமண் வாடையும், வியர்வையில் ஊறிய தோல்செருப்பின் வாடையும் மட்டும் இருந்தன.

"கமென்! எந்திரி!" கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் கண் திறந்ததும் அடி நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு முதல் வேலையாக அவனைத் தூங்க வைப்பார்கள்.

"என்னை விட்டுடு ரலி. தூங்கறேன். முடியல." பெரிய ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி அழுதான்.

ரலிட்சா காரை நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள். தினமும் காலையில் பகல் காவலாளி வந்து, காவல் விசிலை வாங்கிய பிறகுதான் கமென் இடத்தை விட்டு நகருவான். இன்று பனிக்கு லீவு, யாரும் வரவில்லை. காவலை யாரிடமும் கொடுக்காமல் அல்லவா அவனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்!

வண்டியைத் திருப்பினாள். வழியெல்லாம் அவனைக் கிள்ளினாள், திட்டினாள், பாடச் சொன்னாள். வாசலுக்கு வந்ததும் அவன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பனியைப் பார்த்துக் கத்தினாள்:

"இவன் காவல் முடிஞ்சுது! நான் வந்துட்டேன்! இனி நான் பாத்துக்கறேன்!"

பைத்தியக்காரி என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

கமென் கட்டிலில் சரிந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினாள். அடி விழவில்லை. குறட்டை கேட்டது. அவள் வாய்விட்டு அழுதாள்.

வரவழைத்த ஆம்புலன்ஸ் மதியத்தில்தான் வந்து சேர்ந்தது. தூக்கி ஏற்றும்போதும் அவன் விழிக்கவில்லை.

"நீங்களும் ஏறுங்கம்மா," என்றான் டிரைவர். இருபது வயதுகூட இருக்காது, மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. இந்த விசிலைக் கொஞ்சம் பிடி தம்பி என்று சொல்லிவிட்டால் போதும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"நீங்க போங்க. எனக்கு வேலை இருக்கு," என்றாள்.

வண்டிச் சத்தம் பனிக்குள் அமுங்கியது. திங்கட்கிழமை வரை இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். இன்று வெள்ளி. அவள் வாசலுக்கு நடுவில் நேராக நின்றாள்.

நாலு மணி இருக்கும். அவளுக்குக் கொட்டாவி வந்தது.

பின்னால், கல்தரையில், ஆணியடித்த செருப்பு ஒன்று ஓர் அடி எடுத்து வைத்தது.