தந்தை பெயருக்கான கட்டம்

உள்ளே வரச் சொன்ன பிறகும் கபிரியேல் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றுவதற்கு ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஐம்பத்திரண்டு வயது, இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். அன்று யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

யேசுரத்தினம் பதிவுத்துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவணத்தில் சிக்கல் என்றால் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் கணினிக் கடை வைத்திருந்த பிபின், மாடிக்கு யாராவது ஏறினால் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னாலேயே ஏறிவிடுவான். அன்றும் ஏறினான்.

கபிரியேலின் ஊர் வட்டக்கோட்டைப் பக்கம், கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்கிற வழக்கம் அது. பங்குத்தந்தை ஊருக்குப் புதியவர். கணினியில் எடுத்த தாளைப் பார்த்து, "கபிரியேலின் மகள் டெல்சி" என்று வாசித்துவிட்டார். டெல்சியின் தாய் மரியபுஷ்பம் கல்யாணம் ஆகாதவள். பிள்ளையின் தகப்பன் யார் என்று சாகும்வரை வாய் திறக்கவில்லை. கோவில் முழுவதும் கபிரியேலைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி லீமா எழுந்து வெளியே போனாள். மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஐயா, அந்தப் பெண்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினது கிடையாது" என்றார் கபிரியேல். "இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்தவ எனக்க முகத்தப் பாக்கல்ல. அடுத்த ஓலைக்குள்ள இது தெளியல்லன்னா அவ திரும்ப வரமாட்டா."

பிபினுக்கு உள்ளூர ஒரு துள்ளல். அந்தப் பங்கின் பதிவுகளுக்கு மென்பொருள் எழுதியவனே அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன், 2009இல், அவனுக்குக் கிடைத்த முதல் வேலை.

"நம்ம புரோகிராமில தப்பு வராது அண்ணாச்சி. யாரோ வேணும்னே செய்த வேலையாக்கும்."

கபிரியேலுக்கும் இருவர்மேல் சந்தேகம் இருந்தது. ஒருவர் பங்குப் பேரவைத் தேர்தலில் அவரிடம் தோற்ற சிலுவை. இன்னொருவர் கோவில் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் வியாகுலம்மாள். அந்த அம்மாளை அவர் ஒரு சாவிக்காக நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருந்தார். கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் பிபின் வியாகுலம்மாள் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தான்.

கோவில் அலுவலகத்தில் யேசுரத்தினம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். 1987, டெல்சி. தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பதிவேட்டைக் கணினியில் அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் வியாகுலம்மாள். கபிரியேல் பெயரைப் போட்டதும் நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்றாள்.

பார்த்தீர்களா என்பதுபோல் பிபின் யேசுரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு, கேளாமலே, தன் மென்பொருளின் கண்டிப்பை விளக்கினான். தந்தை பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால் அது பதிவை ஏற்காது. பங்கின் குடும்பப் பட்டியலில் இல்லாத பெயரை அடித்தாலும் ஏற்காது. அந்தப் பட்டியல் கட்டத்துக்குக் கீழேயே விரியும், அதில் ஒரு பெயரைத் தொட்டால் போதும். தள்ளிவிட்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்தும் வைக்கும்.

"ஏற்காதப்ப என்ன சொல்லும்?"

"'தவறு. மீண்டும் முயற்சி செய்யவும்' என்று வரும் சார்."

"என்ன தவறுன்னு சொல்லாதா?"

பிபின் சிரித்தான். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் என்றான். யேசுரத்தினம் சிரிக்கவில்லை. தள்ளிவிட்டவற்றைக் காட்டச் சொன்னார். டெல்சியின் பதிவுக்கு நான்கு முறை. பத்து பன்னிரண்டுக்கு வெறுமை. பத்து பதினான்குக்கு "தெரியாது". பத்து பதினேழுக்கு "இல்லை". பத்து பத்தொன்பதுக்கு "ஆண்டவர் அறிவார்". அதன்பின் இருபத்திரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நாற்பத்தொன்றுக்குக் "கபிரியேல்", கணினி ஏற்றுக்கொண்டது.

அடுத்து, கபிரியேலைத் தகப்பனாகக் காட்டும் பதிவுகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். எட்டு வந்தன. இரண்டு அவருடைய சொந்தப் பிள்ளைகள். டெல்சியைத் தவிர மீதி ஐந்து. பழைய பதிவேட்டில் அந்த ஐந்திலும் தந்தை பெயர் வெறுமை. வியாகுலம்மாள் புதிய ஏட்டிலிருந்து பழைய ஏட்டை நோக்கி அடித்ததால் அவை டெல்சிக்குப் பின் அடிக்கப்பட்டவை. ஐந்தும் ஒருமுறைகூடத் தள்ளப்படாமல் முதல் முயற்சியிலேயே ஏறியிருந்தன.

யேசுரத்தினம் மேஜை ஓரத்துத் தொலைபேசிக்குக் கீழே கிடந்த நோட்டைப் புரட்டினார். அலுவலகத்திலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் அதில் தேதி, நேரம், பெயர் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் அவர் விரல் சற்று நின்றது. நோட்டை மூடினார். வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் இங்கே வரச் சொல்லுங்கள் என்றார் பங்குத்தந்தையிடம்.

வெள்ளிக்கிழமை கபிரியேல், சிலுவை, வியாகுலம்மாள், டெல்சி எல்லோரும் வந்தார்கள். லீமாவும் வந்து கதவருகே நின்றாள்.

"கபிரியேலைக் கெடுக்க நினைச்ச ஆளு முதல்ல அவர் பெயரைத்தான் அடிச்சிருப்பார்" என்று தொடங்கினார் யேசுரத்தினம். "இந்த அம்மா நாலு தடவை உண்மையை அடிச்சாங்க. ஆண்டவர் அறிவார்ங்கிறதைவிடப் பெரிய உண்மை என்ன இருக்கு? இயந்திரம் நாலையும் தவறுன்னு தள்ளிச்சு. அப்புறம் அந்த ஐந்து பேரைப் பாருங்க. ஒருத்தர் பிறந்தது 1962இல். அப்ப கபிரியேலுக்கு வயசு மூணு."

"மூணு வயசில அப்பன் ஆனவன் நம்ம ஊர்லதான் உண்டு" என்றார் சிலுவை. கபிரியேலே சிரித்துவிட்டார். ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"கோவிலை ஒட்டின வீடு கபிரியேலுடையது. பங்கின் குடும்ப அட்டை வரிசையில் முதல் நம்பர். பட்டியலில் மேலே இருக்கிற பெயர் அவருடையது, அவ்வளவுதான். ஆனா நாலு தடவை உண்மையை அடிச்ச அம்மா, ஐந்தாவது தடவை ஏன் மேலே இருந்ததைத் தொட்டாங்க? அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஏன் தடுமாறல? அந்த இருபத்திரண்டு நிமிசத்தில் யாரோ அப்படிச் செய்யச் சொல்லியிருக்கணும்."

அவர் தொலைபேசி நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறக்கவில்லை.

"நானாத்தான் செய்தேன் சார்" என்றாள் வியாகுலம்மாள் அவசரமாக. "அதத் திறக்காண்டாம்."

பிபினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. களியக்காவிளைப் பேருந்து நிலையம். கையில் இரண்டு பெட்டிகள், காதில் கைபேசி, மறுமுனையில் ஒரு வயதான குரல். தகப்பன் பேரில்லாத பிள்ளைக்கு என்ன போடணும் மக்கா என்று கேட்டது. பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. அவன் எரிச்சலோடு ஒரு பதில் சொன்னான். சொன்ன நிமிடமே மறந்துபோனான்.

எல்லோரும் நோட்டைப் பார்த்தார்கள். யேசுரத்தினம் மட்டும் ஜன்னலைப் பார்த்தார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல், தானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்று பிபினுக்குப் புரிந்தது. அது இன்னும் சுட்டது.

"நான்தான்" என்றான். "மேல இருக்கிறதில ஏதாவது ஒண்ணத் தொடுங்க அக்கா, எடுத்துக்கிடும்னு நான்தான் சொன்னேன்."

வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் திரும்பினாள். "படிச்சிட்டு வேலையில்லாம நின்ன பிள்ள சாமி. முதல் வேலை. அவனுக்க பேரு கெட்டா அப்புறம் யாரு வேலை குடுப்பா?"

வழியெல்லாம் இந்தப் பெண்ணைத்தான் அவன் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

கபிரியேலிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு லீமாவிடம் போனார். டெல்சி முன்னால் நின்றபோது அவனால் கண்ணை உயர்த்த முடியவில்லை.

"திட்டுகதுக்காவது ஒரு அப்பா கிடைச்சாருன்னு இருந்தேன் அண்ணா" என்றாள் அவள். "நாலஞ்சு நாளா மனசுக்குள்ள எவ்வளவோ கேட்டுப்போட்டேன் அவர்கிட்ட. இப்ப கேக்கதுக்கும் ஆளில்ல."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பிபினுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலைவரை அவன் அந்த அலுவலகத்தில் இருந்தான். ஆறு பதிவுகளிலிருந்தும் கபிரியேலின் பெயரை நீக்கினான். தந்தை பெயர்க் கட்டத்தைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிட்டான். பிறகு வியாகுலம்மாளிடம், அன்று கணினி உங்களுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் அக்கா என்று கேட்டான். அவள் யோசித்துச் சொன்னதை எழுத்து மாறாமல் அடித்தான்: "இந்தப் பெயர் குடும்பப் பட்டியலில் இல்லை. தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். அதில் குற்றமில்லை."

ஞாயிற்றுக்கிழமை அவனும் கோவிலுக்குப் போய்க் கடைசித் தூணருகே நின்றான். பங்குத்தந்தை நடந்த பிழையைச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டபடி அவன் பெயரையும் சொன்னார். தலைகள் திரும்பின. பிறகு, "மறைந்த மரியபுஷ்பத்தின் மகள் டெல்சி" என்று வாசித்தார். பெண்கள் பக்கம் ஓரமாக, தனியாக நின்றிருந்தாள் டெல்சி. ஓலை முடிந்து எல்லோரும் உட்காரும்போது, முன்வரிசையிலிருந்த லீமா பின்னால் திரும்பி அவளைக் கையால் அழைத்தாள். தன் பக்கத்தில் இருந்தவளை நகரச் சொல்லி இடம் உண்டாக்கினாள். டெல்சி தயங்கி, நடந்துபோய் உட்கார்ந்தாள்.

பிபின் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தூணருகே தரையில் முழங்காலிட்டான்.