நான்தான் கூப்பிட்டேன்

வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் கடல் நின்றுபோயிற்று.

வெளியே, கல்லெறியும் தூரத்தில், அது புரண்டு புரண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது வண்டிக்காரர் முகம்மது இப்ராஹிம் கேட்ட கேள்வியே காதில் விழாத அளவுக்கு இரைச்சல். அந்த இரைச்சல் பங்களாவின் நிலைப்படியோடு, கத்தரித்துவிட்டாற்போல அறுந்தது. ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. காற்று வந்தது, உப்பும் கருவாட்டு வாடையும் வந்தன, கொல்லையில் காக்கை கரைவதும் வண்டி மாட்டின் மணியும்கூடத் தெளிவாகக் கேட்டன. கடல் மட்டும் இல்லை. எலியேசர் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான். கடல். முன்னால் வைத்தான். இல்லை.

"என்ன வாத்தியாரய்யா, பெட்டிய எங்கன வைக்க?"

வண்டிக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கோடு விளையாடும் பிள்ளைபோலப் படியில் கால் மாற்றிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார் என்று எலியேசருக்கு முகம் சூடேறியது.

"உள்ள வையும், சாயபு," என்றான், தேவைக்கு மேல் உரத்து.

வெட்கப்படக் காரணம் இருந்தது. நாங்குநேரியில் ஒரு ராத்திரி தங்கி, திசையன்விளை தாண்டி, தேரியின் செம்மணலில் சக்கரம் புதையப் புதைய வந்த வழியெல்லாம் அவன் மனைவி ஜெபகனி வண்டிக்காரரிடம் அந்த ஆலமரத்துக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். களக்காட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில், பேய் அடித்துவிடும் என்று பகலிலேயே ஆள் நெருங்காத ஆலமரத்தடியில், பள்ளிக்கூடம் தொடங்கப் போன இளம் வாத்தியார் ஒருவர் பாயை விரித்துத் தனியாக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தது. அதைப் பார்த்து ஊரே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியது. கதையில் பொய் ஒன்றுமில்லை. எலியேசர் அன்று நன்றாகவே தூங்கினான். பாளையங்கோட்டையில் சிறுமியாக இருந்தபோதே இதைக் கேட்டிருந்த ஜெபகனி, பெண் கேட்டு வந்தவர் அந்த வாத்தியார்தான் என்று தெரிந்ததும், வேறெதுவும் விசாரிக்காமல் சம்மதித்தாளாம். அதையும் அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

மாசி மாதம் அவளுக்கு ஜன்னி கண்டது. பிழைத்துவிட்டாள், ஆனால் கூந்தல் எல்லாம் கொட்டி, கழுத்து குச்சியாகி, பேசினாலே மூச்சு வாங்கினாள். கடற்காற்று பட்டால் தேறும் என்றார் டாக்டர். வேம்படித்துறை, கோடை வந்தால் திருநெல்வேலிச் சீமையின் துரைமாரும் பாதிரிமாரும் குடும்பத்தோடு காற்று வாங்க வந்து தங்குகிற சின்ன ஊர். அந்த வருஷம் அவர்கள் எல்லாம் இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டு விழா ஏற்பாட்டில் இருந்தார்கள். பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. அதில் ஒன்றின் சாவியைப் பழக்கமான துரை ஒருவர் எலியேசரிடம் கொடுத்தார்.

அன்று வெயில் தாழ்ந்ததும் இருவரும் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். மணலில் இழுத்துப் போட்டிருந்த கட்டுமரங்கள், காயும் வலைகளின் நாற்றம், சங்குப் பொடி தூவினதுபோல வெளுத்த சந்துகள், பரதவர் கோயிலின் ஒற்றைக் கோபுரம், ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்த பெண்கள். ஜெபகனி அலையில் கால் நனைத்துவிட்டு, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, வியாதிக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எலியேசர் நிலைப்படியை மறந்தான்.

பங்களாவைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்க அன்னத்தாய் என்று ஒருத்தி வருவாள். மறுநாள் காலை அவள் கூடத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளிருந்து எலியேசர் வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டான். இன்னும் உரக்கக் கூப்பிட்டான். விளக்குமாறு நின்றது, பிறகு மறுபடி ஓடியது. கோபத்தோடு போய் அவள் முன்னால் நின்றபோதுதான் நிமிர்ந்தாள்.

"காது கேக்காதா ஒனக்கு?"

"கேக்கும் அய்யா. இந்த வீட்டுக்குள்ள மொகத்தப் பாத்தாத்தான் ஏன்னு கேப்பேன்."

எலியேசர் சிரித்தான். அறை வாசலில் ஜெபகனி வந்து நின்றிருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்து, பயம் என்பது அறியாமையின் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவதையெல்லாம் அவளுக்கும் சொன்னான். அன்னத்தாய் கூட்டிய மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஜெபகனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் கதை சொல்லும்போது இருந்த அதே பார்வை.

அன்று பிற்பகல், கூடத்துச் சாய்வு நாற்காலியில் அவன் கண்ணயர்ந்த வேளையில், உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"இந்தாருங்க. இங்கன வாருங்களேன்."

எழுந்து போனான். உள்ளறையில் யாரும் இல்லை. மூடிய அறையில் ஈரத்துணியை நாட்கணக்கில் போட்டுவைத்தால் வருமே, அந்த வாடை. அதற்கடியில் பாசி. ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெகு தூரத்தில், அலையோரத்தில், குனிந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஜெபகனி.

"இங்கன," என்றது அவள் குரல், அவனுக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. மணலில் செருப்பில்லாமல் நின்றான். வேட்டி முட்கம்பியில் கிழிந்திருந்தது. ஜெபகனி மடி நிறையக் கிளிஞ்சலோடு வந்து, "என்ன, இப்படி வேர்த்திருக்கு?" என்றாள்.

"வெக்கை," என்றான்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லிப் பெட்டியைக் கட்டியிருக்கலாம். காலையில் அன்னத்தாயிடம் பேசிய பேச்சு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஆலமரத்தடியில் தூங்கிய ஆள், பட்டப்பகலில், பெண்சாதியின் குரலைக் கேட்டு ஓடிவந்தேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

அடுத்த நாள் அவன் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளிலிருந்து வெளியேதான் உட்கார்ந்தான். ஜெபகனி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"இங்கயா இருக்கிய? உள்ளறையில இருந்துல்லா கூப்பிட்டிய? வந்து பாத்தா ஆளக் காணும்."

அவள் முகத்தில் பயம் இல்லை. ஆனால் வந்துவிடக் கூடிய இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அவன் என்ன சொல்லுகிறானோ அதைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா," என்றான் எலியேசர். "நான்தான் கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் தலைகுனிந்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது.

அதன்பின் அது அடிக்கடி நடந்தது. ஜெபகனி சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பாள், காதைச் சாய்ப்பாள், "இந்தா வாரேன்" என்று அகப்பையை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போவாள். அடுப்படி வாசலில் அவன் நிற்பதைப் பார்க்காமலே போவாள். கதவு பைய மூடும். அவன் கூடத்தில் நிற்பான். பின்னால் போக வேண்டும். கால் வராது. கதவில் கை வைப்பான். மரம் ஈரமாக இருக்கும். கையை எடுத்துவிடுவான்.

வெளியே வரும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். கன்னத்தில் ரத்தம் ஓடியது. உடம்பு தேறிக்கொண்டு வந்தது.

"நீங்க இப்படியெல்லாம் பேசுவியன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றாள் ஒருநாள், அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே. "இத்தன வருஷம் மனசுக்குள்ளயே வச்சிருந்தியளாக்கும்?"

என்ன பேசினேன் என்று கேட்க அவனால் முடியவில்லை. கேட்டால் நான் பேசவில்லை என்றாகிவிடும். பேசவில்லை என்றால், தெரிந்தே அவளை உள்ளே போகவிட்டது யார்? சோறு வாய்க்குள் மணலாக நெருடியது. "ஆமா," என்றான். அவள் கை அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்ட இடத்தில் சட்டை நனைந்திருந்தது.

அன்று தீர்மானித்தான். இங்கிருந்து போக வேண்டும். இன்றைக்கே. அவளையும் கூட்டிக்கொண்டு வண்டி தேடப் போகலாம். ஆனால் ஏன் என்று கேட்பாளே. "கோயில் பக்கம் போயிட்டு வாரேன்," என்று மட்டும் சொன்னான்.

"வெரசா வந்திருங்க," என்றாள்.

ஊருக்குள் கருப்பட்டி ஏற்றும் வண்டி ஒன்று அகப்பட்டது. வண்டிக்காரர் அம்பலவாணன் மாட்டைத் தடவிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரியோட ராத்திரியா கெளம்புதியளே. பங்களாவுல ஏதும்...?"

"ஒண்ணும் இல்ல வே. பள்ளிக்கூடத்துல வேலை."

"செரி. விளக்கு வச்சதும் வண்டி வரும்."

திரும்பி வரும் வழியெல்லாம் எலியேசர் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். இனி மறைக்கக் கூடாது. பயமாக இருந்தது ஜெபகனி. வந்த அன்றைக்கே பயந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கம். நீ என்னைப் பெரிய ஆள் என்று நினைத்திருந்தாய். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். காற்று அதை வாங்கிக்கொண்டு முன்னால் போனது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அவளிடம் சொல்லிவிட முடியும் என்றே தோன்றிவிட்டது.

இருட்டிக்கொண்டு வந்தது. பங்களா ஜன்னலில் விளக்கு. உள்ளே பேச்சுக்குரல்.

மணலில் சத்தம் வராமல் நடந்து உள்ளறை ஜன்னல் ஓரம் போய் நின்றான்.

ஜெபகனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு விலகி, புதிதாய் முளைத்த முடி விளக்கொளியில் பளபளத்தது. அவளுக்கு எதிரே, கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட சாய்வு நாற்காலி. அதன் முதுகு ஜன்னல் பக்கம். துணி கனத்தில் தொய்ந்திருந்தது. தொய்ந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு. சொட்டு.

"பயமா இருந்திச்சு ஜெபகனி," என்றது நாற்காலி.

அவனுடைய குரல்.

"வந்த அன்னைக்கே பயந்துட்டேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. நீ என்னப் பெரிய ஆளுன்னு நெனச்சிருந்த."

ஜெபகனி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இதுக்கா? இதச் சொல்லவா இம்புட்டு நாளாச்சு? ஒங்களுக்கும் பயம் வரும்னு எனக்குத் தெரியாதா? அந்த மரத்தடி வாத்தியாரையா நான் கெட்டிக்கிட்டு வந்தேன்? ஒங்களத்தான?"

வெளியே நின்ற எலியேசருக்குக் கண் நிறைந்தது. அந்த ஒரு கணம், பயம்கூட இல்லை. தனக்குக் கிடைத்த மன்னிப்பைத் திருடன்போல ஜன்னலில் நின்று ஒட்டுக்கேட்கும் கேவலம் மட்டும்.

"இன்னொண்ணு இருக்கு," என்றது குரல். மெதுவாக. பிரியமாக. "வெளிய ஒண்ணு நிக்குது. என்ன மாதிரியே இருக்கும். என் குரல்ல கூப்பிடும். அதுக்குத்தான் நான் பயந்தேன்."

"ஜெபகனி!"

அவள் துள்ளித் திரும்பினாள். கண்கள் அவனைக் கண்டன. கண்டு, விரிந்தன. காய்ச்சலின் உச்சத்தில்கூட அவள் முகம் அப்படி ஆனதில்லை.

"நான்தான்! நான்தான் கூப்பிடுதேன்! வெளிய வா!"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஜெபகனி, அது நான் இல்ல! ஒரு நாளும் நான் இல்ல! நான் பொய் சொன்னேன்!"

வாசலுக்கு ஓடினான். உள்ளே தாழ் விழுந்தது. தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. மறுபடி ஜன்னலுக்கு ஓடிவந்தான். அவள் கம்பிகளுக்கு அப்பால் நின்றிருந்தாள், ஜன்னல் கதவை இழுத்து மூட முயன்றுகொண்டு. துருப்பிடித்த கீல். அவள் மெலிந்த கைக்கு அது வரவில்லை. உதடுகள் ஜெபத்தை முணுமுணுத்தன. அவனுக்கு எதிராக.

"மொகத்தப் பாரு," என்று கெஞ்சினான். "என் மொகத்தப் பாரு ஜெபகனி."

பார்த்தாள். பல் கிட்டிக்க.

அவளுக்குப் பின்னால் நாற்காலித் துணி மேலே எழும்பியது. கனம் இறங்கிவிட்டது. ஈரப் பாதம் தரையில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி, பிரிந்து வந்தது.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வெகுகாலம் தண்ணீரில் கிடந்து வெளுத்து, உப்பி, நகம் கழன்ற கை. அது அவள் கைமேல் பதனமாகப் படிந்து, அவளோடு சேர்ந்து ஜன்னல் கதவை இழுத்தது.

கீல் முனகிக்கொண்டு வந்தது. சந்து குறுகியது. குறுகிய சந்தில், அந்தக் கையைப் பற்றித் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, கண் சிமிட்டாமல் அவனையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள் ஜெபகனி.