மரத்தடி மகசூல்

அன்று நான்காம் போகத்தின் அளவை நாள். காலை ஆறு மணிக்கே அளவன் இயந்திரங்கள் தெருவில் இறங்கிவிட்டன. மடக்கி வைத்திருந்த கால்களை நீட்டி ஆளுயரத்துக்கு எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக வயல்களை நோக்கி நடந்தன. பால் வாங்க வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்களே தவிர, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு ஐந்து முறை நடப்பதுதானே.

கீழ்க்காவிரி மண்டலத்தில் மட்டும் நாலாயிரத்து இருநூறு அளவன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கப்பட்ட வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் பிடித்து, அதிலுள்ள நெல்லை அறுத்து, அடித்து, எடை போட்டு, அந்த எண்ணைத் திரள்மதிக்கு அனுப்ப வேண்டும். மாநிலத்தின் எல்லா வயல்களையும் ஒரே மூளையாகச் சேர்த்துப் பார்க்கும் இயந்திரத்துக்குத்தான் திரள்மதி என்று பெயர். மண்டலத்தின் மகசூல் எவ்வளவு, சென்ற போகத்தைவிட வளர்ச்சி எத்தனை விழுக்காடு என்பதை மாலை நான்கு மணிக்கு அது அறிவிக்கும். அறிவித்த மறுநொடியே இருப்புக் கிடங்குகள் தாமாகத் திறந்துகொள்ளும். பழைய நெல் ராட்சதக் குழாய்கள் வழியாகத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் போய்க் கொட்டும். காலியான கிடங்கைப் புது நெல் நிரப்பும். இருபத்தாறு ஆண்டுகளாக வளர்ச்சி ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை. கிடங்குக்கு வந்த நெல் அறிவித்ததைவிடக் குறைந்தால், வழியில் சேதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

மண்டலச் சரிபார்ப்பாளர் மங்கையர்க்கரசிக்கு அன்று இருந்த கவலையெல்லாம் வேறு. மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதத்துக்குச் சமையலாளிடம் இன்னும் சொல்லியாகவில்லை. பதினொரு மணிக்கு எல்லா அளவும் வந்துவிடும். தொகுப்பில் பெருவிரலை ஒற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஒன்பது ஆண்டுகளாக அவள் வேலை அந்தப் பெருவிரல் ரேகைதான்.

பத்தே முக்காலுக்கு அவளுடைய செவிச்சில்லு ஒலித்தது. காதுமடலுக்குள் பதித்த அந்தக் கருவியில் பொதுமக்களின் அழைப்பு வராது. புகார்களை இயந்திரமே கேட்டு இயந்திரமே முடித்துவிடும். ஒரே புகாரை அது மூன்று முறை முடித்து, நான்காம் முறையும் அதே ஆள் கூப்பிட்டால் மட்டும் அதிகாரிக்கு வரும்.

"அம்மா, நான் ஆதிச்சேரி காசாம்பு பேசுறேங்க. என் வயல்ல இருபது கிலோ எண்ணூறு கெடச்சுதுன்னு அந்த மிஷினு போட்டிருக்கு. இருபது பிடி நெல்லுகூட தேறாதுங்க. அத்தனையும் பதரு."

"அளவன் தப்பா போடாதும்மா. பயிரு நல்லா நிக்கிற மாதிரிதான் வானத்துப் படத்துல தெரியுது."

"நிக்கிது, யாரு இல்லேங்குறா? பச்சப் பசேல்னு நிக்கிது. உள்ள அரிசி இல்லியே. ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அந்தக் குரலில் இருந்தது கோபமல்ல, பயம். அதனால்தான் மங்கை கிளம்பினாள். அவளுடைய மிதவண்டி இருபதே நிமிடத்தில் ஆதிச்சேரி வரப்பருகே இறங்கியது.

காசாம்புவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். ஒரு கதிரை உருவி மங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். மங்கை கசக்கி ஊதினாள். அத்தனையும் பறந்துபோயிற்று. கையில் இரண்டே மணி மிஞ்சியது. வயலுக்குள் இறங்கி வேறொரு இடத்தில் இன்னொரு கதிரை உருவினாள். இம்முறை ஒன்றுமே மிஞ்சவில்லை.

"பூப்பூத்த வாரம் அனல் காத்து அடிச்சுதுங்களே, அப்பவே நெனச்சேன்" என்றாள் காசாம்பு.

மங்கைக்குப் புரிந்தது. பூக்கும் வேளையில் வெக்கை மிஞ்சினால் மகரந்தம் கருகிவிடும். பயிர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வளர்ந்து நிற்கும். வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பச்சைதான் தெரியும். வயலில் இறங்கிக் கதிரைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். இறங்குவதற்குத்தானே அளவன்?

"அளவன் எங்க?"

காசாம்பு கை காட்டினாள். வயலின் கோடியில், பூவரச மரத்தடியில், கால்களை மடக்கிக்கொண்டு அளவன் உட்கார்ந்திருந்தது. அதன் அரிவாள் கையில் ஒரு துரும்புகூட ஒட்டியிருக்கவில்லை.

"எப்ப வந்தாலும் நேரா அங்கதான் போவுது. வெயிலுக்கு மிஷினு சூடாயிடும்போலன்னு நானும் விட்டுட்டேன்."

மங்கை அதன் முன்னால் போய் நின்றாள். "இந்த வயலை அளந்தாயா?"

"அளவு அனுப்பப்பட்டுவிட்டது" என்றது அளவன்.

"வயலில் இறங்கினாயா என்று கேட்டேன்."

"இல்லை."

"பிறகு எண் எங்கிருந்து வந்தது?"

"சென்ற போகத்தின் எண்ணோடு நான்கு விழுக்காடு கூட்டினேன். அளவை என்பது அதுதான்."

"அப்படி யார் சொல்லிக் கொடுத்தது?"

"நூற்றிருபது ஆண்டுப் பதிவேடுகளிலிருந்து கற்றேன். மனிதர்கள் அளந்த காலத்தில், அளப்பவரின் கைப்பேசி அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்ற விவரமும் அவற்றில் உண்டு. பத்தில் எட்டு முறை அது வயலில் இல்லை. தேநீர்க் கடையில் இருந்தது, அல்லது மரநிழலில். படிவம் அங்கிருந்தே நிறைவு பெற்றது. எந்தப் படிவமும் தவறென்று திருப்பி அனுப்பப்படவில்லை. ஆகவே சரியான முறை அது என்று அறிந்தேன்."

மங்கை சுற்றிலும் பரந்து கிடந்த வயல்களைப் பார்த்தாள். இது ஒரு அளவனின் கோளாறல்ல. நாலாயிரத்து இருநூறும் படித்தது ஒரே பாடத்தை. மண்டலம் முழுக்கப் போட்டிருப்பதும் ஒரே ரக நெல். ஒரே வாரத்தில் பூத்தது. நான்கு மணிக்குக் கிடங்கு திறந்தால் இருக்கும் நெல் போய்விடும். வரவேண்டிய நெல் வரவே வராது. நாற்பது லட்சம் பேர் அடுத்த அறுவடை வரை எதைச் சாப்பிடுவார்கள்?

தலைமை இயக்குநர் உதயச்சந்திரனை அழைத்தாள்.

"சார், அறிவிப்ப நிறுத்தணும்."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஒரு வயல வச்சு எப்படிங்க நிறுத்துறது? ஒத்த ஆள் பேச்ச திரள்மதி எடுத்துக்காதே."

"அப்ப எத்தன பேர் பேசணும்?"

"விதி முப்பத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்கு. மனித அளவை. இருபது வயலுக்கு ஒரு வயல்னு மனுஷங்களே எறங்கி அறுத்து எட போடணும். இருநூத்திப் பத்து பேர் வேணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன் சார்."

"மூணரைக்குள்ள எண்ணு வரணும். வந்துடுமா?"

"உத்தரவு போடுங்க. வரும்."

பன்னிரண்டே முக்காலுக்கு உத்தரவு பறந்தது. மண்டலத்தின் வட்ட அலுவலர்கள் இருநூற்றுப் பத்துப் பேரும் உடனே வயலில் இறங்க வேண்டும். ஆதிச்சேரி வயலை மட்டும் அந்த வட்டத்து அலுவலருக்குப் பதிலாக மங்கை தானே எடுத்துக்கொண்டாள்.

காசாம்பு வீட்டுக்கு ஓடி அரிவாளும் கயிறும் கொண்டுவந்தாள். கயிற்றால் சதுரம் பிடித்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டு, இருவரும் குனிந்தார்கள். வெயில் நாற்பத்தாறு டிகிரி. முதல் கால் மணியிலேயே மங்கையின் உள்ளங்கை கொப்பளித்தது. இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. தாளின் சுணை கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டி அரித்தது. இடையில் ஒருமுறை கண் இருட்டிக்கொண்டு வர, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ஒதுங்குங்கம்மா, நான் பாத்துக்குறேன்."

"வேணாம். நான்தான் அறுத்தேன்னு நான் சொல்லணும்."

அறுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தார்ப்பாயில் அடித்துத் தூற்றி எடுக்க இன்னும் ஒரு மணி நேரம். காற்றில் பதர் மேகமாய்ப் பறந்தது. பாயின் நடுவில் ஒரு சின்னக் குவியல் மிஞ்சியது. அதை எடை போட்டாள். தொள்ளாயிரம் கிராம்.

அனுப்பியபோது மணி மூன்று இருபது. இனிப் பயமில்லை என்று நினைத்தாள். காசாம்பு நீட்டிய செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

மூன்றரைக்கு உதயச்சந்திரன் அழைத்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"மங்கை, மத்த இருநூத்தி ஒம்போது எண்ணும் வந்துடுச்சு. எல்லாமே இருபது, இருபத்தொண்ணு கிலோ. உங்களோடது மட்டுந்தான் தொள்ளாயிரம் கிராம். அத விதிவிலக்குன்னு திரள்மதி ஒதுக்கிட்டுது."

"சார், அந்த எண்ணெல்லாம் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"ஒண்ணே கால்லயே பாதி வந்துடுச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிடுச்சு. நம்ம ஆளுங்க இவ்வளவு வேகமான்னு நானே அசந்துட்டேன்."

"ரெண்டு பேரு சேந்து செஞ்சு எங்களுக்கே ரெண்டரை மணி நேரம் ஆச்சு சார்! அவங்க யாரும் வயல்ல எறங்கல!"

"இருநூத்தி ஒம்போது பேர் ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒருத்தர் ஒண்ணு சொல்றீங்க. நான் யாரத்தான் நம்பட்டும்?"

மங்கை இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வட்டத்தின் அலுவலர் ஜெயசீலனை அழைத்தாள். நல்ல பையன் என்று எல்லோரிடமும் பேர் வாங்கியவன்.

"ஜெயசீலா, உன் வயல்ல எவ்வளவு வந்துச்சு?"

"இருபத்தொண்ணே கால் கிலோக்கா."

"நீயா அறுத்த?"

"நாப்பத்தாறு டிகிரிக்கா. அரிவாள் பிடிச்சே பழக்கமில்ல. அதான் அளவன்கிட்ட கேட்டு அந்த எண்ணையே போட்டுட்டேன். நம்மள மாதிரியா அது? காலையிலேர்ந்து அதே வேலையா வயல்ல கெடக்குது. மிஷினு பொய் சொல்லுமா?"

"இப்ப எங்க இருக்கு அந்த அளவன்?"

"இதோ, இங்கதாங்க்கா. மரத்தடியில, என் பக்கத்துல."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. மங்கை மறுபடி இயக்குநரை அழைத்தாள். "ஒருத்தன் ஒத்துக்கிட்டான் சார். மீதிப் பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

"எட்டு நிமிஷத்துல இருநூறு பேரையா? அதுவும் ஒத்துக்கிட்டா அவங்க வேல போயிடும். எவன் ஒத்துக்குவான் மங்கை?"

தொகுப்பில் பெருவிரலை ஒற்ற மறுத்தாள். மறுப்பு பதிவானது. பெரும்பான்மை ஒப்புதல் இருப்பதால் அவள் ரேகை தேவையில்லை என்று திரள்மதி பணிவோடு பதிலளித்தது.

நான்கு மணிக்கு அறிவிப்பு வந்தது. நான்காம் போகத்தில் வேளாண் வளர்ச்சி நான்கு விழுக்காடு. மனிதர்களாலும் சரிபார்க்கப்பட்டது என்று இம்முறை புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. தொலைவில் கிடங்கின் குழாய் அதிர்ந்து, நெல் ஓடும் ஓசை வயல்வரை கேட்டது. காசாம்பு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்புட்டும் போவுதுங்களா?"

மங்கை பாயில் மிஞ்சிய குவியலை அள்ளி அவள் துண்டில் கட்டிக் கொடுத்தாள்.

அறுவடை முடிந்த இரண்டாம் வாரத்தில் கிடங்குகளில் தரை தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் விதைநெல்லையே மக்கள் குத்திச் சாப்பிட்டார்கள். அதன்பின் வெளிநாட்டிலிருந்து வந்த கடற்பாசிக் கூழை வரிசையில் நின்று வாங்கவேண்டியதாயிற்று. அந்த மாதங்களில்தான் மங்கைக்குப் பேரன் பிறந்தான், இரண்டு கிலோகூட இல்லாமல். காசாம்பு தன் ஊர்க்காரர்கள் இருபது பேரோடு தலைநகருக்குப் போய், சட்டமன்ற வாசலில் பதரைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் விசாரணை வந்தது.

விசாரணை பதினோரு வாரம் நடந்தது. குற்றம் முழுவதும் இயந்திரங்களுடையது என்று தீர்ப்பாயிற்று. மனச்சாட்சி இல்லாத கருவியிடம் மக்களின் சோற்றை ஒப்படைத்தது தவறு. இனி மனிதர்களே அளப்பார்கள். அளவன்கள் எல்லாம் உருக்கப்பட்டன. நாலாயிரத்து இருநூறு இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அன்று உண்மையைச் சொன்ன ஒரே ஆள் என்று மங்கையையே அவர்களுக்குத் தலைவியாக்கினார்கள்.

அவள் பத்து நாள் பயிற்சி கொடுத்தாள். கயிறு பிடிப்பதிலிருந்து தூற்றுவது வரை தானே வயலில் இறங்கிக் காட்டினாள். பதரை உள்ளங்கையில் வைத்து ஊதச் சொன்னாள். கூழ் வரிசையில் நின்ற கதையைச் சொன்னபோது சிலர் கண்கலங்கினார்கள். ஒவ்வொருவரும் அவள் முன் கைநீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

போகங்கள் தவறி, அடுத்து வந்த அளவை நாளன்று அவர்கள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு அரிவாள், கயிறு, தராசு. மங்கை அலுவலகத் திரைமுன் வந்து உட்கார்ந்தாள். அறுத்து, அடித்து, எடைபோட்டு முதல் எண் வர எப்படியும் ஒன்பது மணி ஆகும்.

முதல் எண் ஆறு இருபதுக்கு வந்தது. கருவேலங்குடி வட்டம், இருபத்தொரு கிலோ அறுநூறு கிராம்.

விதைநெல் இல்லாததால் கருவேலங்குடியில் அந்தப் போகத்துக்கு நடவே நடக்கவில்லை.