கணக்குல சேந்த ஆளு

மெஷினோட தாளம் இன்னைக்கும் எறங்கித்தான் கெடந்துச்சு.

சமயநல்லூர் ரோட்டோரத் தகரக் கொட்டகை அது. எக்ஸ்ரே மெஷினுக்கு எழுபதாயிரம் வோல்ட் குடுக்குற பெட்டி செய்யிற எடம். டிசைன் போடுறது தமிழ்ச்செல்வி. கம்பி சுத்துன காயிலும், கரண்ட்டைச் சேத்து வைக்கிற கெபாசிட்டரும் ஊஞ்சலாட்டம் ஒரே தாளத்துல ஆடணும். அந்தத் தாளம் நொடிக்கு எத்தனைன்னு லேப்டாப்புல மாடல் போட்டு முன்னாடியே சொல்லிருவா. பெட்டியில கரண்ட் வெளிய வர்ற முனைக்குப் பக்கத்துல ஆள் நின்னா மட்டும் தாளம் லேசா எறங்கும். மனுச ஒடம்பும் ஒரு கெபாசிட்டர்தானே.

இப்ப பக்கத்துல யாருமே இல்ல. இவ கம்பிவலைக்கு இந்தாண்ட உக்காந்திருக்கா. கூட வேலை பாக்குற கண்ணுச்சாமி ஆயில் வாங்கப் போயிருக்காரு.

"யாரோ நிக்கிறாப்ல இருக்கு தங்கச்சி"ன்னு இங்க வேலை பாத்த மலைச்சாமி அண்ணன் போன மாசமே சொன்னாரு. "உங்களுக்குப் பேய் புடிச்சிருக்குண்ணே"ன்னு இவ சிரிச்சா. அடுத்த வாரமே அந்த முனை அவரை அடிச்சுப் போட்டுருச்சு. ஆள் அங்கயே முடிஞ்சாரு.

கொட்டகையில ஒரு கட்டுப்பாடு உண்டு. கரண்ட்டை நிறுத்தினாலும் கெபாசிட்டருக்குள்ள கரண்ட் தங்கியிருக்கும். அதனால ஒருத்தர் பெட்டிக்குப் பின்னாடி கொக்கியில, மிச்சக் கரண்ட்டை மண்ணுக்கு எறக்குற எர்த் கம்பை மாட்டிட்டு "தொடலாம்"னு குரல் குடுக்கணும்; அதைக் கேட்டுத்தான் முன்னால நிக்கிறவுக கை வைக்கணும். அண்ணன் செத்த அன்னைக்குக் கம்பு மாட்டல; ஆனா "தொடலாம்"னு கண்ணுச்சாமி குரல் எல்லாருக்கும் கேட்டுச்சு. "நான் சொல்லவே இல்லம்மா, எம்புள்ள மேல சத்தியம்"னு கண்ணுச்சாமி கதறுனாரு. மனுசன் பயத்துல பொய் சொல்றாருன்னுதான் எல்லாரும் நெனச்சாக. இவளும்தான்.

வெளிய மழை இருட்டு. தகரத்து மேல ஒண்ணு ரெண்டா விழுந்த தூத்தல் சத்தமும், பெட்டியோட ரீங்காரமும், சூடேறுன ஆயில் வாசமும் கலந்து அந்தக் கொட்டகையே மூச்சு விடுறாப்ல இருந்துச்சு. மாடல்ல முனைக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிறாப்ல சும்மா சேத்துப் பாத்தா. பத்தல. இன்னொரு ஆளைச் சேத்தா. மாடல் கோடும் மெஷின் கோடும் அச்சா ஒட்டிக்கிச்சு.

ஆத்தாடி. ரெண்டு பேரு.

ஸ்விட்சை அணைச்சா. ரீங்காரம் அடங்குச்சு. போயிலை வாசம் வந்துச்சு, மலைச்சாமி அண்ணன் வெத்தலையோட போடுற போயிலை. முனையில ஒயரு லூசா இருக்கும், அம்புட்டுத்தான்னு மனசைத் தேத்திக்கிட்டா. கண்ணுச்சாமி வரட்டும். பால்வாடியில பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கா, ஏடாகூடமா எதையும் தொட மாட்டா.

பின்கதவு கிரீச்சுன்னுச்சு. பெட்டிக்குப் பின்னாடி செருப்புச் சத்தம். கொக்கியில கம்பு மாட்டுற சத்தம். டக்.

"தொடலாம்மா."

கண்ணுச்சாமி குரல். அப்பாடான்னு இருந்துச்சு. வலைக்கதவைத் தெறந்து போயி ஒயரைப் பாக்கக் கையை நீட்டுனா.

வெளிய கேட்டுக்கிட்ட பைக் வந்து நின்னுச்சு. "ஆயில் கெடைச்சிருச்சும்மா, வாரேன்!"

அது கண்ணுச்சாமி.

முனைக்கு ஒரு சாண் முன்னாடி கை நின்னுச்சு. திரும்பிப் பாத்தா. எர்த் கம்பு செவத்துல. தொங்குன எடத்துலயே.

கையை இழுத்தா. வரல.

புறங்கை மேல ஒரு கை. சில்லுன்னு. அது மேல இன்னொரு கை. விரல்ல கருகிப்போன செம்பு மோதிரம். மலைச்சாமி அண்ணன் மோதிரம்.

"அண்ணே... விடுங்கண்ணே..."

அந்தக் கை முனையைப் பாத்துத் தள்ளுச்சு.