ஏழு படகுத்துறையும் ஓர் அத்தையும்

அந்த வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து ஊர் சுற்றப் போவார்கள். எங்கே போவது, எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது எல்லாவற்றையும் ஒரே ஒருவர்தான் முடிவு செய்வார். அவருக்குக் கேப்டன் என்று பெயர். கேப்டன் சொன்னால் சொன்னதுதான். முணுமுணுப்பவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

அப்பா கேப்டனாக இருந்த ஆண்டில் பாலம் பாலமாகப் போய்ப் பார்த்தார்கள். அப்பாவின் வேலை பாலம் கட்டுவது. லீவிலும் அவருக்குப் பாலம்தான்.

அத்தை கேப்டனாக இருந்தபோது ஓர் ஏரிக்கரைக்குப் போய் எல்லோரும் தூங்கினார்கள். அத்தைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. தூக்கத்தை விட்டால் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

போன ஆண்டு அண்ணன் கேப்டன். மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து, ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். கோடைக்காலம்தானே என்று குடை வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான்.

இந்த ஆண்டு வாண்டுவின் முறை.

வாண்டுக்குப் பத்து வயது. அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். ஆள் சின்னவள், வாய் பெரியது.

அவள் சாலையே இல்லாத ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே காடு மலையிலிருந்து இறங்கி வந்து கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும். கார் போகாது, பஸ் போகாது. படகில்தான் போக வேண்டும். காலையில் இரண்டு படகு, மாலையில் ஒரு படகு. வழியில் ஏழு படகுத்துறைகள். ஒவ்வொரு துறையிலிருந்தும் காட்டுக்குள் ஒரு நடைபாதை.

"ஏழு நாள், ஏழு துறை. எல்லாத்தையும் பார்த்துடணும்" என்றாள் வாண்டு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரையை வரைந்து, ஏழு புள்ளி வைத்திருந்தாள்.

"நிதானமான டூர்னுதானே அப்பா கேட்டாரு?" என்றான் அண்ணன்.

"நிதானமாத்தான் ஓடுவோம்."

"நாலாவது துறையில அருவி மலை உச்சியில இருக்கு. ஏறி இறங்கி சாயங்காலப் படகைப் பிடிக்க முடியுமா?"

"முணுமுணுக்கிறியா? பாத்திரம் கழுவறியா?"

அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

ஆனால் அவன் கேட்டது சரிதான். வாண்டு கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா நடப்பார். அப்பா நடப்பார். அண்ணன் ஓடுவான். அத்தையிடம்தான் கணக்கு இடித்தது. அத்தை பத்து அடி நடப்பார், "ஹப்பா" என்று நிற்பார். அத்தையோடு ஏறினால் சாயங்காலப் படகு போய்விடும்.

வாண்டுக்கு எரிச்சல் வந்தது. அம்மாவின் போன் மேசையில் இருந்தது. தன் தோழிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பலாம் என்று எடுத்தாள்.

"ஏய், எங்க அத்தை மட்டும் வரலன்னா ஏழு துறையும் பார்த்துடுவேன்டி. அவங்க நடக்கறதுக்குள்ள காட்டுல இருக்கிற மரமெல்லாம் இன்னும் ஒரு முழம் வளர்ந்துடும். எப்படி நடப்பாங்க தெரியுமா? ஹப்பா... இரு கண்ணு... ஹப்பா... ஒரே நிமிஷம்... ஹப்பா..."

ரொம்ப நன்றாகச் செய்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. அனுப்பிவிட்டு, மறுபடி கேட்டு ரசிக்கலாம் என்று திரையைப் பார்த்தாள்.

செய்தி தோழிக்குப் போகவில்லை. வீட்டார் எல்லோரும் இருக்கும் டூர் குழுவுக்குப் போயிருந்தது.

வாண்டுக்குக் காது சூடேறியது. யார் யார் கேட்டார்கள் என்று காட்டும் இடத்தைத் தொட்டாள். ஒரே ஒரு படம் இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட அத்தையின் படம்.

செய்தியை அழித்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், அது தானாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதுபோல, அதன்மேல் ஒரு தலையணையையும் வைத்தாள்.

சாயங்காலம் குழுவில் அத்தையின் செய்தி வந்தது. 'எனக்கு லீவு கிடைக்கல. நீங்க எல்லாரும் சந்தோஷமா போயிட்டு வாங்க.'

"போன வாரமே லீவு கிடைச்சாச்சுன்னு சொன்னாங்களே அண்ணி!" என்றார் அம்மா.

"அக்கா இல்லாம என்ன டூரு?" அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆமா, மத்தியானம் அம்மா போன்ல இருந்து யாரோ ஏதோ அனுப்பி அழிச்சிருக்கீங்களே, என்ன அது?"

"நான் இல்லப்பா" என்றான் அண்ணன்.

"நானும் இல்லையே. கை பட்டிருக்கும்" என்றார் அம்மா.

வாண்டு தண்ணீர் குடித்தாள். தாகமே இல்லாமல் ஒரு முழு டம்ளர் குடித்தாள்.

"விடுங்கப்பா. அத்தை வரலன்னா கேப்டனுக்கு ஜாலிதான். ஏழு துறையும் பார்த்துடலாம். என்ன வாண்டு?" என்றான் அண்ணன்.

அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது. ஆனால் சோற்றைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முழுவதும் அவள் காலண்டர் தாளோடு தரையில் கிடந்தாள். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. கேட்காமலேயே சரி செய்ய ஏதாவது வழி இருக்குமா என்று யோசித்தாள். ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் சமையலறையும்தான் அந்த வீடு. அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையில் வெள்ளைத் தொப்பியை மடித்து வைத்தார்.

"வா" என்றார். வழக்கமாக "வாடி என் ராசாத்தி" என்பார்.

வாண்டு தாளை விரித்து மடமடவென்று சொன்னாள். "அத்தை, நீங்க நடக்கவே வேண்டாம். நாங்க காட்டு வழியா நடந்து அடுத்த துறைக்கு வந்துடுவோம். நீங்க ஜம்முனு படகுல வந்துடுங்க. எங்க பையெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். எப்படி?"

அத்தை தாளைப் பார்த்தார்.

"ஓகோ. நான் பைக்குக் காவல்."

வாண்டுக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் சொன்ன பிறகுதான் தன் யோசனை அவளுக்கே சரியாகக் கேட்டது.

"ஹப்பா ஹப்பான்னு நல்லாத்தான் செஞ்சே" என்றார் அத்தை. "எத்தனை நாளா பழகினே?"

"பழகல... சும்மா வந்துச்சு."

"எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. அப்படியே நான்தான். தூக்கக் கலக்கத்துல நானே பேசினதோன்னுகூட நினைச்சேன். திரும்ப ஒரு தடவை கேட்டேன். அப்போ சிரிப்பு வரல."

வாண்டு தரையைப் பார்த்தாள். தரையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"நான் கேப்டன் வேலையை விட்டுடறேன் அத்தை."

"ஏன், உங்க அண்ணன்கிட்ட மாட்டிக்கிட்டு இன்னொரு பெட்ரோல் பங்க்ல உட்காரவா? தள்ளு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அத்தை மாடிப்படி இறங்கினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து, அதன் பக்கத்திலேயே அடுத்த காலை வைத்தார். ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்தார். வாண்டு இதைப் பார்த்ததே இல்லை. எப்போதும் அவள்தான் முதலில் தடதடவென்று இறங்கி ஓடிவிடுவாள்.

தெருவில் அத்தையின் பக்கத்திலேயே நடந்தாள். பல் டாக்டர் வீட்டுக் கேட் வந்ததும் அத்தை நின்றார். "ஹப்—" என்று ஆரம்பித்து, வாண்டுவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

"மூச்சு வாங்குதா அத்தை?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு."

"பின்னே?"

அத்தை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "முட்டி. ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருக்கணும். ரொட்டி வந்துக்கிட்டே இருக்கும், நான் அடுக்கிக்கிட்டே இருக்கணும். முட்டி போச்சு. கொஞ்சம் நின்னா வலி அடங்கும். சும்மா நின்னா என்னாச்சுன்னு கேட்பாங்க. அதான் மூச்சு வாங்கற மாதிரி ஒரு ஹப்பா போடறது."

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா உங்கப்பா வேலையை விடச் சொல்லுவான். பாவம்பா, பாவம்பான்னு எல்லாரும் பார்ப்பீங்க. எனக்கு அது பிடிக்காது. குண்டு, அதான் மூச்சு வாங்குதுன்னு நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வாண்டுக்கு இப்போதுதான் நிஜமாகவே வெட்கம் வந்தது. நேற்று வந்தது பயம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அத்தை வலியை மறைக்க ஒரு போர்வை போட்டிருந்தார். அவள் அந்தப் போர்வையைப் பிடித்து இழுத்து, சிரித்திருக்கிறாள்.

"நான் செஞ்சது அசிங்கம் அத்தை" என்றாள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இதுதான் வந்தது.

"அசிங்கம்தான்" என்றார் அத்தை. இல்லை கண்ணு, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. மறுபடி நடந்தார்.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு வாண்டு கேட்டாள்: "அத்தை, எவ்வளவு தூரம் நடந்தா வலிக்கும்?"

"தெரியல. யாரும் கேட்டதில்லை. நானும் பார்த்ததில்லை."

"ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போதா?"

"ஏறுறது பரவாயில்ல. இறங்குறப்போ உயிர் போகும். சமமான தரையா இருந்தா, நின்னு நின்னு எவ்வளவு வேணா போவேன்."

"காட்டுல எதைப் பார்க்கணும் உங்களுக்கு?"

அத்தை சிரித்துவிட்டார். "இது என்னடி, டாக்டர் மாதிரி கேட்கிறே?" பிறகு யோசித்துச் சொன்னார்: "ஒரு பெரிய மரத்துல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, கடல்ல படகு போறதைப் பார்க்கணும். அது போற வரைக்கும் பார்க்கணும். நான் ஏற வேண்டிய படகா இருக்கக் கூடாது."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் வாண்டு தாளை மடிமேல் விரித்தாள். மூன்றாவது துறைக்கும் ஐந்தாவது துறைக்கும் இடையில் மலை கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது. கரையோரப் பாதை, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவள் அதை அவசரத்தில் படகிலேயே தாண்டுவதாக வைத்திருந்தாள்.

"இங்கேயே நாலு நாள் தங்கினா? தினம் கொஞ்சம் நடக்கலாம். மீதி நாள் போக வர. மூணு துறைதான் பார்க்க முடியும்."

"அப்போ உன் அருவி?"

"போயிடும்."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு" என்றாள் வாண்டு. பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆனா நீங்க வரணும்."

பஸ் வந்தது. அத்தை கைப்பிடியைப் பிடித்து ஏறினார். "லீவு கிடைக்கலன்னு நானே எழுதிட்டேன். இப்போ எப்படிக் கிடைச்சதுன்னு கேட்பாங்களே, என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் வாண்டு சொன்னாள். அழித்த செய்தி தன்னுடையது, அதில் அத்தையைக் கேலி செய்தேன், அதனால்தான் அவர் வரவில்லை என்று சொன்னாள். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிக் கேலி செஞ்சே? செஞ்சு காட்டு" என்றான் அண்ணன்.

"மாட்டேன்."

அப்பா திட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"அக்கா ஏன் இவ்வளவு மெதுவா நடக்கறா? உடம்புக்கு ஏதாவதா? உன்கிட்ட சொன்னாளா?" என்று கேட்டார்.

"அதை அத்தைகிட்டதான் கேட்கணும்" என்றாள் வாண்டு. அன்று பாத்திரங்களையும் அவளே கழுவினாள். யாரும் கழுவச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காலையில் எல்லோரும் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வேலை முடிந்து நேராக அத்தை வந்திருந்தார். கையில் இன்னும் சூடு ஆறாத ரொட்டிப் பொட்டலம். மாவு படிந்த செருப்போடு நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு முட்டி வலி. ரொம்ப நாளா இருக்கு" என்றார்.

அப்பா வாயில் நுரையோடு ஏதோ சொல்ல வந்தார்.

"இப்போ ஒரு வார்த்தை பேசக் கூடாது. டூர் முடியட்டும், டாக்டர்கிட்ட வர்றேன். வேலையை விடுன்னு மட்டும் ஆரம்பிச்சே, ரொட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

அப்பா நுரையை விழுங்கிவிட்டார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்கே அந்தத் தாளு?" என்றார் அத்தை. வாண்டு ஓடிப்போய் எடுத்து வந்தாள். அத்தை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, கரை முழுவதும் விரலை ஓட்டினார். விரல் முதல் புள்ளியில் நின்றது.

"இது என்ன? முதல் நாள் ஆறு மணிப் படகா?"

"ஆமா அத்தை."

"ஆறு மணியா! ராத்திரி பூரா ரொட்டி அடுக்கிட்டு வர்ற மனுஷி ஆறு மணிக்குப் படகுல ஏறணுமா? அந்தத் துறையில இருந்து முதல் நாள் வேற படகே கிடையாதா, கேப்டன்?"

"பத்து மணிக்கு ஒண்ணு இருக்கு."

"பின்னே?"

கேப்டன் அழிப்பானை எடுத்தாள்.