எடுத்துக் கொடுத்தவர்

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு முகுந்த் ஜெர்மனியின் ஒரு சிறுநகர ஒபரா அரங்கின் பின்வாசலால் உள்ளே வந்தான். வயது இருபத்தேழு, மிதப்புக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கழுத்தில் பட்டுச் சால்வை, கையில் பல்லுக்குத்தும் குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான கோல். மூத்த இசை நடத்துநர் காய்ச்சலில் விழுந்ததால் இன்றைய காட்சியை ஒத்திகை இல்லாமலே உதவி நடத்துநரான இவன் நடத்தவேண்டும். சரியாய் வந்தால் வேலை நிரந்தரம்.

மேடை விளிம்பில் ஒரு மரப்பெட்டி. பாடகர் மறக்கும் வரியை அதற்குள் இருந்து கிசுகிசுத்து எடுத்துக் கொடுத்தவர் நேசமலர். யாழ்ப்பாணத்து மனுசி. முகுந்த் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும், "தம்பி, சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிட்டார். அவன் முகத்தை இறுக்கிக்கொண்டு ஜெர்மன் மொழியில், "மன்னிக்கவும், நீங்கள் யார்?" என்றான்.

பிறகொரு ஒத்திகையில் இவன் தப்பாய்க் கைகாட்ட, பாடகி தடுமாறினாள். "வரியைப் பிந்திச் சொன்னது அந்த அம்மா" என்று இயக்குநரிடம் கூசாமல் சொன்னான். நேசமலரின் வேலை போனது. மாசியில் மாரடைப்பில் உயிரும் போனது.

பெட்டிக்குள் இப்போது யாருமில்லை.

இரண்டாம் அங்கம். இசைத்தாளில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு புரண்டன. அறுபது பேர் அவன் கையைப் பார்த்தார்கள். அவனும் அதைத்தான் பார்த்தான்.

பெட்டியிலிருந்து, நேசமலர் எப்போதும் பூசும் கோடாலித் தைலத்தின் மணம் வந்தது.

பிறகு, மூச்சளவில் ஒரு குரல்.

"இப்ப, தம்பி."

கை தானாய் எழுந்தது. பாடகி சரியாக எடுத்தாள்.

"பொறுங்கோ... ஓம், எக்காளக்காரரைப் பாருங்கோ."

கடைசிவரை குரல்தான் நடத்தியது. முகுந்த் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

திரை விழுந்ததும் இயக்குநர் மேடைக்கு ஓடிவந்து, வணங்க மேலேறியிருந்த முகுந்தின் தோளில் தட்டினார். "என்ன துல்லியம்! அன்றைக்குப் பிழை அந்த அம்மாவுடையதுதானே?"

'ஆம்' என்று சொல்ல வாய் திறந்தான். அந்த ஒரு சொல் மறந்துபோனது.

காலடியில் யாரோ மூச்செடுத்தார்கள். கோபமில்லை, மறந்தவனுக்கு எடுத்துக் கொடுக்கிற பொறுமைதான். இம்முறை சுத்தமான ஜெர்மனில்:

"பிழை என்னுடையது."

முகுந்த் அதை அப்படியே சொன்னான். காதுமடல் வரை எரிந்தது. இயக்குநரின் கை தோளிலிருந்து இறங்கியது.

பாடகி பெட்டியைவிட்டு மெல்ல விலகி நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"இன்னும் இருக்கு," என்றது பெட்டி. "சொல்லுங்கோ."